எக்காரணம் கொண்டும்

குணவதி வீடுதானே? இதே தெருதாம்மா. கடைசியில பச்சை கேட். ஆனா இப்பப் போனா பூட்டித்தான் கிடக்கும். மாவு பாக்கெட் போடக் கிளம்பிப் போயாச்சு, இனி நாலு மணிக்குத்தான் வரும். வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

எந்த நகர் நீங்க? ஓ, பைபாஸுக்கு அந்தப் பக்கமா. சரி சரி. உங்க நகர்லயும் இதை ஆரம்பிக்கணும், எப்படி ஆரம்பிச்சாங்கன்னு அந்தம்மாகிட்ட கேட்டுக்கிட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. உங்களோட சேத்து நாலாவது ஆளு. போன மாசம் ரெண்டு பேரு ஸ்கூட்டர்ல வந்து, நோட்டுப் புத்தகம் வச்சு எழுதிக்கிட்டுப் போனாங்க. என்னத்தை எழுதினாங்களோ. எழுதறதுக்கு அங்க என்ன இருக்கு? தீர்மானம் இல்ல, விதிமுறை இல்ல, தலைவர் இல்ல. பேரு கூட இல்லம்மா. கேட்டா, 'நாங்க பை பாக்கறவங்க'ம்பாங்க. ஒரு அமைப்புக்கு அது ஒரு பேரா?

வாசல்ல போர்டு பாத்தீங்களா? ம. திருஞானம், தலைவர், சௌபாக்கியா நகர் குடியிருப்போர் நலச் சங்கம், பதிவு பெற்றது. அது நான்தான். முப்பத்தோரு வருஷமாத் தலைவர். எதிர்த்து ஒருத்தரும் நின்னதில்ல, எப்பவும் ஏகமனதாத்தான் தேர்வு. லெட்டர்பேடு இருக்கு, ரப்பர் ஸ்டாம்பு இருக்கு, மினிட்ஸ் புத்தகம் மட்டும் பதினாலு இருக்கு. இந்த நகருக்குத் தெருவிளக்கு வந்துச்சுன்னா அது என் கடுதாசியாலதான். சாக்கடைக்கு இருபத்திரெண்டு மனு போட்டிருக்கேன். சாக்கடை வரலை, அது வேற விஷயம், ஆனா நகல் ஒண்ணு விடாம இருக்கு. வேணும்னா எடுத்துக் காட்டறேன்.

இருநூத்திப் பத்து வீடு இருக்கற நகர் இது. பொதுக்குழுவுக்கு வர்றது பதினஞ்சு பேரு. அதுலயும் பாதிப் பேரு மிக்சர் வந்ததும் எழுந்து போயிடுவாங்க. 'தெருவில் வாகனம் கழுவக் கூடாது'ன்னு நோட்டீஸ் ஒட்டினேன். அந்த நோட்டீஸ் மேலயே தண்ணி தெறிக்கத் தெறிக்க ஒருத்தன் கார் கழுவறான். நாயைக் கட்டிப் போடுங்கன்னு எழுதினேன். எழுதி ஒட்டின கம்பத்துலயே நாய் காலைத் தூக்குது. வாடகைக்கு விடறதா இருந்தா சங்கத்துக்குத் தெரியப்படுத்தணும்னு வீடு வீடாக் கடுதாசி குடுத்தேன். மறுநாள் அதே கடுதாசில கறிவேப்பிலை மடிச்சு வச்சிருக்காங்க. இந்தக் குணவதி இருக்கே, என் நோட்டீஸோட பின்பக்கத்துலதான் யார் வீட்டுக்கு எத்தனை பாக்கெட் மாவுன்னு எழுதும். என் கண்ணால பாத்திருக்கேன். இந்த ஜனங்களோட லட்சணம் அதுதான்.

ஆரம்பத்தைத்தானே கேக்க வந்தீங்க. சொல்றேன். ஆரம்பம் பதினாலாம் நம்பர் ஆரோக்கியசாமி. தனி ஆளு, மகன் மஸ்கட்ல. ராத்திரி கேட்ல பையை மாட்டி வச்சிட்டுப் படுப்போம், விடியக்காலம் பால் போடறவர் அதுல பாக்கெட்டைப் போட்டுட்டுப் போவாரு, உங்க நகர்லயும் அப்படித்தானே? ஒரு நாள் குணவதி மாவு போட வந்திருக்கு. ஆரோக்கியசாமி பைக்குள்ள கையை விட்டா, அன்னிக்குப் பாலுக்குக் கீழ முந்தின நாள் பாலும் கிடக்கு, திரிஞ்சு நாத்தமடிச்சு. விவரம் தெரிஞ்சவங்களா இருந்தா என்ன செய்வாங்க? நேரா இங்க வந்து தலைவர்கிட்ட சொல்வாங்க. நான் போலீஸுக்கு ஒரு கடுதாசி குடுத்திருப்பேன், முறைப்படி நடந்திருக்கும். அந்தம்மா என்ன பண்ணுச்சு, எதிர் வீட்டு ராஜாத்தியைக் கூப்பிட்டு, ரெண்டு பேருமா கத்தி, பக்கத்து டிங்கரிங் கடைக்காரர் முத்துராக்குவைக் கடப்பாரையோட வரச் சொல்லி, கதவையே பேத்துட்டாங்க.

ஆளு பாத்ரூம்ல விழுந்து கிடந்தாரு. இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஒன்றரை நாளா. குழாய்த் தண்ணியைக் கையில ஏந்தி ஏந்திக் குடிச்சு உசுரோட இருந்திருக்காரு. சரி, காப்பாத்திட்டாங்க, நான் இல்லேங்கலை. அதோட விட்டிருக்கணும். ஆஸ்பத்திரியில ஆளுக்கு ஒரு வேளைன்னு கஞ்சி கொண்டுபோறது, துணைக்கு இருக்கறது, மகன் வர்ற வரைக்கும் இவங்களே எல்லாம் பாக்கறது. யாரும் யாரையும் நியமிக்கலை. ஒரு உத்தரவு இல்ல. திரும்பி வந்த ஆரோக்கியசாமி வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்ல நின்னு எதிர் வீட்டு ராஜாத்திகிட்ட சொல்லியிருக்காரு, 'தினம் ஏழு மணிக்கு என் பையைப் பாரும்மா. தொங்கிக்கிட்டிருந்தா வந்து தட்டு'ன்னு. அவ பதிலுக்கு, 'சரி, எங்க பையை நீங்க பாத்துக்கங்க'ன்னிருக்கா. அவ்வளவுதாம்மா. உங்க மகத்தான அமைப்போட தொடக்க விழா இதுதான். ஒரு குத்துவிளக்கு கூட ஏத்தலை.

அப்புறம் எதிர் வீட்டுக்கு எதிர் வீடுன்னு தொத்திக்கிட்டே போச்சு. ஏழு மணிக்கு மேல பை தொங்கினா எதிர் வீட்டுக்காரங்க தட்டணும். ரெண்டு மாசத்துல இந்தத் தெரு முழுக்க, ஆறு மாசத்துல நாலு தெரு. தட்டினா சும்மா திரும்பி வருவாங்களா? உள்ள போவாங்க. போனா ஒரு வீட்டுல காய்ச்சல், மாத்திரை வாங்க ஆளில்ல. ஒரு வீட்டுல பத்து நாள் பிள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தி குளிக்கக்கூட முடியாம உக்காந்திருப்பா. ஒருத்தருக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். 'நீங்க எனக்குத் தட்டினீங்க, நான் உங்களுக்கு வண்டி ஓட்டறேன்', இப்படித்தான். வேலையத்த கூட்டம். ஆபீஸ் எதுன்னு நினைக்கிறீங்க? குணவதியோட கிரைண்டர். அது ஓடற சத்தத்துல நாலு பேரு கத்திக் கத்திப் பேசுவாங்க, அதுதான் செயற்குழு. எட்டாங்கிளாஸ் படிச்ச பொம்பளை, கையெல்லாம் உளுந்து மாவு, அதுதான் நிர்வாகம்.

இதையெல்லாம் நான் போய்ப் பாக்கலை, நான் ஏன் போறேன். நாகசுந்தரம் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னான்.

நாகசுந்தரம் யாருன்னா, எங்க சங்கத்துச் செயலாளர். அதோ எதிர்ல தெரியுதே, நீல ஜன்னல் வச்ச வீடு, அதுதான். தபால் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் வேலை பாத்தவன். கையெழுத்துன்னா அதும்மா கையெழுத்து. அச்சு தோத்துப் போயிடும். அந்தப் பதினாலு மினிட்ஸ் புத்தகமும் அவன் எழுதினது. நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான், முப்பது வருஷமா அப்படித்தான். என் வீட்டுக்காரி தவறினப்ப பதினாறு நாளும் எனக்குக் காப்பி அவன் வீட்டுலேருந்துதான் வந்துச்சு. நல்லவன். ஆனா இளகின மனசு, அதுதான் கோளாறு. 'தலைவரே, நல்ல காரியமாத்தான் இருக்கு, நம்மளும் சேந்துடலாமே'ன்னு என்கிட்டயே வந்து கேக்கறான். ஒரு பதிவு பெற்ற சங்கத்தோட தலைவரும் செயலாளரும் மாவு விக்கிறவ கிரைண்டர் பக்கத்துல போய் நிக்கணுமாம். வாயை மூடுன்னேன். மூடிக்கிட்டான்.

அவன் மூடிக்கிட்டது வாயை மட்டும்தான்னு எனக்கு அப்பத் தெரியாது. நான் சேரவே இல்லாத கூட்டத்துக்காக, தினம் ஏழு மணிக்கு என் பையை அவன் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்.

எனக்குச் சனிக்கிழமைன்னா எண்ணெய்க் குளியல். நாப்பது வருஷப் பழக்கம். ஒரு சனிக்கிழமை, பாலை அப்புறம் எடுத்துக்கலாம்னு கொல்லையில ஸ்டூலைப் போட்டு, கோவணத்தோட உக்காந்து, உச்சந்தலைலேருந்து உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெய் தேச்சு வெயில்ல ஊறிக்கிட்டிருக்கேன். ரேடியோ சத்தமா ஓடுது. வாசல்ல தட்டினது எனக்குக் கேக்கலை. என்னமோ நிழலாடுதேன்னு திரும்பிப் பாத்தா, மதில் மேல குணவதியோட தலை. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, அந்தப் பக்கம் திரும்பி, 'தலைவர் சார் நல்லாத்தான் இருக்காரு'ன்னு சத்தம் போட்டுச் சொல்லுச்சு. சொல்லி முடிக்கறதுக்குள்ள பக்கவாட்டுச் சந்து வழியா ஒம்பது பேரு உள்ள வந்துட்டாங்க. முத்துராக்கு கையில அதே கடப்பாரை. ஒருத்தி முந்தானையை வாயில வச்சு சிரிப்பை அடக்கறா, அடங்கலை அவளுக்கு. முப்பத்தோரு வருஷத் தலைவர், ஒம்பது பேருக்கு முன்னால, எண்ணெய் சொட்டச் சொட்ட, கோவணத்தோட நிக்கறேன்.

கடைசியில நாகசுந்தரம் வந்தான். அவன்தான் கூப்பிட்டிருக்கான். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. 'பயந்துட்டேன் தலைவரே'ன்னான். எனக்கு வந்த கோவத்துல அவனை அங்கயே அடிச்சிருப்பேன், துண்டைப் பிடிச்சுக்கிட்டிருந்ததால கை ஒழியலை.

அன்னிக்குச் சாயங்காலமே லெட்டர்பேடை எடுத்தேன். அவனை உக்கார வச்சேன். எழுதுன்னேன். 'சங்கத்தின் அனுமதியின்றிச் செயல்படும் சிலரின் அத்துமீறல் கண்டிக்கத்தக்கது. சங்கத்தின் தலைவர், செயலாளர் ஆகியோரின் இல்லங்களில் எக்காரணம் கொண்டும் கதவைத் தட்டவோ, வளாகத்தினுள் நுழையவோ கூடாது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' செயலாளர்ங்கற இடத்துல பேனா நின்னுச்சு. 'என் வீட்டையும் போடணுமா? என் சம்சாரம் ஓசூருக்குப் பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்கா, நான் மட்டும்தான் இருக்கேன்'னு இழுத்தான். நீ செயலாளரா இல்லையான்னேன். பேனா மூடியைத் திருகிக்கிட்டே கேட்டான்.

"அந்த எக்காரணம் கொண்டும்கறதையாவது எடுத்துடலாமே தலைவரே."

"போடு."

போட்டான். அன்னிக்கும் கையெழுத்து முத்து முத்தாத்தான் இருந்துச்சு. நான் கையெழுத்துப் போட்டேன், அவன் போட்டான், ஸ்டாம்பை வச்சேன். தபால்ல அனுப்பினா கறிவேப்பிலை மடிப்பாங்கன்னு நானே நேர்ல கொண்டுபோனேன். அந்தம்மா கிரைண்டரை நிறுத்துச்சு. கையைக் கழுவி, புடவைத் தலைப்புல துடைச்சு, ரெண்டு கையாலயும் வாங்குச்சு. எழுத்துக் கூட்டி முழுசாப் படிச்சுது. படிச்சிட்டு, செவுத்துல கரண்ட் பில் குத்தி வைக்கிற கம்பி இருக்கு பாருங்க, அதுல குத்தி வச்சுது. சொன்னா சிரிப்பீங்க, எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். என் கடுதாசி ஒண்ணை இந்த நகர்ல ஒருத்தர் பத்திரப்படுத்தினது அதுதான் முதல் தடவை.

"சரிங்க தலைவர் சார்," அப்படின்னுச்சு. "எதிர் வீட்டுல நீங்கதான் இருக்கீங்க. ஐயாவை நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"அது எங்களுக்குத் தெரியும்"னு சொல்லிட்டு வந்தேன்.

கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா? பானைத் தண்ணிதான். இருங்க, எடுத்துட்டு வரேன்.

நாலு வாரம் நிம்மதியா இருந்தேன். அப்புறம் ஒரு வியாழக்கிழமை நாகசுந்தரம் வந்தான், அதோ அந்தக் கால் ஆடற நாற்காலியில உக்காந்தான். அது அவன் நாற்காலிதான். 'தலைவரே, கோவிச்சுக்காதீங்க, அந்தக் கடுதாசிலேருந்து என் பேரை மட்டும் எடுத்துடறேன். ரெண்டு நாளா தலை ஒரு மாதிரி சுத்துது, தனியாப் படுக்கப் பயமா இருக்கு'ன்னான். எனக்கு எங்கிருந்தோ கோவம் வந்துச்சு. பேரை எடுத்தா பதவியையும் எடுத்துக்கிட்டுப் போ, போய் மாவு ஆட்டுன்னேன். எழுந்து போயிட்டான். வெள்ளி பேசலை. சனி பேசலை. ஞாயித்துக்கிழமை கேட்ல பையை மாட்ட வந்தவன், இந்தப் பக்கம் பாத்து நின்னான். நான் பேப்பரைத் தூக்கி மறைச்சுக்கிட்டேன்.

திங்கக்கிழமை காலையில ஆறரைக்கு இதே நாற்காலியில உக்காந்திருக்கேன். எதிர்ல அவன் பை தொங்குது. நீலக் கலர், துணிக்கடைப் பை. ஏழு ஆச்சு. தொங்குது. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? வேணும்னே தொங்க விட்டிருக்கான்னு தோணுச்சு. அந்தப் பொம்பளைங்களை வரவழைச்சு, கடுதாசியை மீற வச்சு, என் மூஞ்சில கரி பூசப் பாக்கறான்னு தோணுச்சு. இல்லாட்டி, நானா எழுந்து போய்க் கூப்பிடணும்னு காத்திருக்கான். எவன் முதல்ல இறங்கறான்னு பாத்துடலாம்னு உக்காந்திருந்தேன்.

ஏழேகாலுக்குக் குணவதி மாவு வாளியோட வந்துச்சு. அவன் கேட் பக்கத்துல நின்னுச்சு. பையைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு.

"தலைவர் சார், ஐயா இன்னும் பால் எடுக்கலையே?"

"கடுதாசி படிச்சீங்கல்ல?"

வேற ஒண்ணும் சொல்லலை நான். வாளியைத் தூக்கிக்கிட்டு அந்தம்மா போயிடுச்சு. எட்டரைக்கு மறுபடி வந்துச்சு, ராஜாத்தியையும் கூட்டிக்கிட்டு. ரெண்டு பேரும் தெருவுல நின்னு ஜன்னலைப் பாத்தாங்க, ஐயா ஐயான்னு கூப்பிட்டாங்க. கேட்டைத் தொடலை. நான் இங்கேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு கால் எடுத்து வைக்கறாங்களான்னு. வைக்கலை. போயிட்டாங்க. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேம்மா. சொல்றதுக்கென்ன, அப்படித்தான் நினைச்சேன். வெயில் ஏறி அந்தப் பை மேல விழுந்துச்சு. நான் பேப்பரை மூணு தடவை படிச்சேன், வரி விளம்பரம் உட்பட.

பத்தரைக்குக் குணவதி மூணாவது தடவையா வந்துச்சு. இந்தத் தடவை என்கிட்ட கேக்கலை. வாளியை நடுத்தெருவுல வச்சிட்டு, கேட்டைத் தள்ளிக்கிட்டுப் போச்சு. வரட்டும், சட்டப்படி பாத்துக்கறேன்னு நான் எழுந்து நின்னேன். முத்துராக்கு கடப்பாரையோட ஓடி வந்து கதவைப் பேக்கறான். அப்புறம் உள்ளேருந்து குணவதி கத்தின சத்தம் கேட்டுச்சு. நான் நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்.

சமையலறை வாசல்ல கிடந்திருக்கான். டிக்காஷன் கொட்டி, காஞ்சு போய், அதுல எறும்பு மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சாம். கண்ணு திறந்திருந்துச்சாம். பக்கவாதம். சீக்கிரம் கொண்டு வந்திருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாராம். பேச்சு போச்சு. வலது கை போச்சு. இடது கை நல்லா இருக்கு. அதை வச்சுக்கிட்டு அவன் என்னம்மா எழுதுவான்?

அந்த ஜன்னல் பாத்தீங்கல்ல, அன்னிக்கும் இப்படித்தான் திறந்திருந்துச்சு. நம்ம தெரு அகலமே இருபதடி. காலையில குணவதி கேட்டது, நான் சொன்னது, எல்லாம் ஐயாவுக்குக் கேட்டிருக்கும்னு அந்தம்மா சொல்லுது. கேட்டிருக்காதுன்னு நான் சொல்றேன். நினைவு இல்லாம கிடந்தவனுக்கு எப்படிக் கேக்கும்? கேட்டிருக்காது. அவனைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னா அதுவும் முடியாது.

மூணு மாசம் ஆச்சு. ஓசூர்லேருந்து அவன் சம்சாரம் வந்துட்டாங்க. ஆனா ஒத்தைப் பொம்பளையால அந்த உடம்பைத் தூக்க முடியுமா? முத்துராக்கு வந்து தூக்கி உக்கார வைக்கிறான். செவ்வாய், வெள்ளி பயிற்சிக்கு யாராவது ஆட்டோவுல கூட்டிக்கிட்டுப் போறாங்க. மத்தியானம் ராஜாத்தி வந்து வாயில ஊட்டறா, அவங்க ஒரு மணி நேரம் கண்ணசர. ஆரோக்கியசாமி அந்த வாக்கரை ஊணிக்கிட்டு வந்து பேப்பர் படிச்சுக் காட்டறாரு. எனக்கு எல்லாம் இங்கேருந்தே தெரியுது. நான் போகலை. போய் என்ன பேச? சாயங்காலம் அவனைக் கேட் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வைக்கிறாங்க, இந்தப் பக்கம் பாக்கற மாதிரி. வேற பக்கம் பாத்துப் போடத் தெரியாதா இவங்களுக்கு? நான் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுக்கறேன்.

அந்த முதல் வாரம் நான் குணவதி வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேம்மா. உண்மையைச் சொல்றேன். ஊரு முழுக்கக் கதவைப் பேத்தீங்களே, என் வீட்டு மதில்ல ஏறினீங்களே, ஏழேகாலுக்கு அவன் கேட்டைத் தள்ள உங்களுக்கு என்ன கேடுன்னு கத்தினேன். அந்தம்மா கிரைண்டரை நிறுத்தக்கூட இல்ல. கம்பியில குத்தின கடுதாசியைக் காட்டுச்சு.

"நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க. நீங்க எதிர்லயே உக்காந்திருந்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்க. முப்பத்தோரு வருஷம் நான் எழுதின எதையும் ஒரு நாய் மதிச்சதில்ல. காரைக் கழுவாதேன்னேன், கழுவினாங்க. குப்பை போடாதேன்னேன், போட்டாங்க. அத்தனை கடுதாசியில, பாழாப்போன இந்த ஒரே ஒரு கடுதாசியை மட்டும், இந்த ஜனங்க ஏன்மா மதிச்சாங்க? மூணேகால் மணி நேரம் மதிச்சாங்களே. யாரு மதிக்கச் சொன்னா?

அது இன்னும் அந்தக் கம்பியிலதான் இருக்கு. அமுல்லதான் இருக்கு. காலையில என் பையும் எட்டு, எட்டரை வரைக்கும் தொங்குது. எடுக்கத் தோணறதில்ல. யாரும் வந்து தட்டறதில்ல. எப்படித் தட்டுவாங்க, தட்டக் கூடாதுன்னு ஸ்டாம்பு வச்சுக் குடுத்திருக்கேனே. வாபஸ் வாங்கிக்கிறதா ஒரு கடுதாசி எழுதணும்னு நினைக்கிறேன். எழுத ஆள் இல்ல. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

அதோ வருது பாருங்க, மொபெட்ல பின்னால வாளி கட்டிக்கிட்டு. அதுதான் குணவதி. போங்க, போய்க் கேளுங்க. பெருசா ஒண்ணும் சொல்லாது. எதிர் வீட்டுல போய், என் பையைப் பாருங்கன்னு சொல்லுங்கன்னு சொல்லும், அவ்வளவுதான். அதுக்கு நீங்க பைபாஸைத் தாண்டி வந்திருக்கவே வேண்டாம்.

ஆனா ஒண்ணு. இது அந்தம்மா சொல்லாது, நான் சொல்றேன். ஆரம்பிச்சு ஆறு மாசம் போனதும், தலைவன்னு ஒருத்தன் லெட்டர்பேடுல கடுதாசி எடுத்துக்கிட்டு உங்க வாசலுக்கு வருவான். வாங்காதீங்க. வாங்கினாலும் படிக்காதீங்க. படிச்சுத் தொலைச்சாலும் பரவாயில்ல, போய்க் கதவைத் தட்டுங்க.